அண்ணியின் வேர்வைப் பெட்டி

திருவொற்றியூரில், அதுவும் கத்திரி வெயிலில், வேர்ப்பதற்கென்றே தனியாக ஒரு அறை செய்து வைத்த மனுஷி ஒருவரை எனக்குத் தெரியும். அவரை நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் எனக்கு உறவில்லை. மணலிக்குப் போகும் சாலையில் அவருடைய கணவர் ஒரு யார்டு நடத்தினார். இறாலும் ஆப்பிளும் ஐஸ்கிரீமும் ஏற்றிக்கொண்டு கப்பலில் போய்வரும் குளிர்பெட்டி கன்டெய்னர்கள், சுவர் கிழிந்தோ மெஷின் கெட்டோ வந்தால் அங்கே சரிசெய்து அனுப்புவார்கள். நான் அந்த ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வெல்டர்களுக்கு முதலாளி அண்ணன், ஆகவே அவர் மனைவி அண்ணி. வெல்டர்கள் கூப்பிடுவதைக் கேட்டு டீக்கடைக்காரரும் அப்படிக் கூப்பிட்டார், லாரி டிரைவர்கள் கூப்பிட்டார்கள், கடைசியில் அவரைவிட வயதில் மூத்த போஸ்ட்மேனும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார். பெயர் என்று ஒன்று உண்டு. அதை எழுதினால் இன்றைக்கும் போன் போட்டுத் திட்டுவார், எழுதப்போவதில்லை.

குள்ளமான, அகலமான உடம்பு. யார்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் அவர் "டேய், துன்னியா?" என்று கேட்டால் பின் கேட்டில் இருப்பவன் பதில் சொல்வான். எதிரே வருபவர் யாராயிருந்தாலும் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். பெட்டிகளை சர்வே எடுக்க வந்த ஒரு பெரிய அதிகாரியின் இமையையும் அப்படி இழுத்துப் பார்த்துவிட்டு, "சாரு ராத்திரில தூங்கறதில்ல" என்றார். அந்த மனிதர் கோபப்படுவார் என்று நாங்கள் எல்லாம் பயந்து நிற்க, அவர் குழந்தை மாதிரி ஆமாம் என்று தலையாட்டினார்.

வைத்தியம் சொல்வதுதான் அண்ணிக்கு இருந்த வியாதி. ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் சின்ன வெங்காயம். அதன் பிறகு கற்றாழை. கற்றாழை ஜூஸுக்குப் பயந்து வெல்டர்கள் சுவரேறிக் குதித்து வேலைக்கு வந்த நாட்கள் உண்டு. யாருக்காவது தலைவலி என்று காதில் விழுந்துவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. நோயாளி தப்பி ஓடும்வரை விடமாட்டார். ஆனால் அதெல்லாம் சில்லறை வைத்தியம். பெரிய வைத்தியம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது.

மகளுக்குப் பிரசவம் பார்க்க அண்ணி ஃபின்லாந்து போனார். மருமகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. மார்கழியில் போய், மாசி முடிந்து திரும்பினார். போகும்போது பூண்டு, சுக்கு, கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு போனார். வரும்போது பெட்டி காலி, தலை மட்டும் நிறைந்திருந்தது.

"சூரியன்னு ஒண்ணு அங்க லீவுல பூடுச்சு" என்று என் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார். "நம்ம பொட்டியில இறாலு எப்டி விறைச்சிகினு கிடக்கும், அப்டி கிடந்தேன். ஒருநாள் பக்கத்து வூட்டு கெய்வி வந்து என் கையைத் தொட்டுப் பாத்துச்சு. ஐயோன்னு சொல்லி, கீழ ஒரு மர ரூமுக்கு இஸ்துகினு போச்சு. கதவைத் தொறந்தா, ஒரு பொட்டு துணி இல்லாம நாலு பொம்பளைங்க குந்திகினு கீறாங்கோ. நான் சேலை, அதுமேல ஸ்வெட்டரு, அதுமேல குல்லா, காலுக்கு சாக்ஸு. என்னைப் பாத்து அவுங்கதான் வெக்கப்பட்டாங்கோ."

"அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"சாக்ஸைக் கய்ட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உனக்கு எதுக்குடி? பில்லு போடு."

மீதியை அவர் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குள் இருந்த அடுப்பு, அதன்மேல் அடுக்கிய கற்கள், கல்லில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் முகத்தில் வந்து அறையும் சூடு, இதையெல்லாம் தினமும் சொன்னார். கெய்விக்கு எண்பது வயதாம், மாடிப்படி ஓடி ஏறுவாளாம். சளி கிடையாதாம், மூட்டுவலி கிடையாதாம், தூக்கம் என்றால் அப்படியொரு தூக்கமாம். உலகத்தில் உள்ள எல்லா நோயும் வேர்வையில் வெளியே போகும் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புவதாக அண்ணி எங்களுக்குச் சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் பேசிய பாஷை இவருக்கும், இவர் பேசிய பாஷை அவர்களுக்கும் தெரியாது.

அண்ணன் அதிகம் பேசாத மனிதர். வாழ்க்கை முழுக்கப் பெட்டிகளைக் குளிரவைத்தே பழகியவர். அவரிடம் போய் ஒரு பெட்டியைச் சூடாக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? "இதுக்கா நான் ஐடிஐ படிச்சேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆனாலும் செய்தார். யார்டின் மூலையில் கப்பல் கம்பெனி கழித்துவிட்ட பழைய குளிர்பெட்டி ஒன்று கிடந்தது. குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் வெளியே விடாது. குளிர்பெட்டி மெஷினில் படியும் ஐஸைக் கரைக்க உள்ளே ஹீட்டர் கம்பிகள் வைத்திருப்பார்கள். உயிர் போன மெஷின்களிலிருந்து அந்தக் கம்பிகளைக் கழற்றி, ஒரு இரும்புக் கூண்டில் மாட்டி, மேலே கருங்கல் அடுக்கினார். சுவருக்கும் பெஞ்சுக்கும் துறைமுகத்தில் மெஷின் இறக்கிய பைன் மரப்பெட்டிகளின் பலகை. அதில் இருந்த எழுத்துகளை யாரும் அழிக்கவில்லை. அதனால் பெண்கள் சாய்ந்து உட்காரும் இடத்தில், உடையும் பொருள், கவனமாகக் கையாளவும் என்று பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

கன்டெய்னர் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் பூட்டும். பூட்டுக் கம்பிகளை அண்ணன் முதல் வேலையாக அறுத்துப் போட்டார். "நீ மட்டும் உள்ள குந்தறதுன்னா யோசிச்சிருப்பேன். கூட ஊரு பொம்பளைங்க கீறாங்கோ" என்றார். அவர் அடித்த ஜோக் என்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

பெட்டியில் முதன்முதலாகச் சூடு போட்ட வெள்ளிக்கிழமை யாருமே யோசித்துப் பார்க்காத ஒன்று நடந்தது. அந்தப் பெட்டி ஆயுள் முழுக்க இறால் சுமந்த பெட்டி. குளிரில் இருந்தவரை வாசம் சுவருக்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. சூடு ஏறியதும் எழுந்து வந்துவிட்டது. உள்ளே போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, "அதான் விஷம் வெளிய வருது, பொறுத்துக்கோங்கோ" என்று அண்ணி மறுபடி உள்ளே தள்ளினார். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஜரீனா, பிளவுஸ் தைப்பவர், தன் தெருவில் இறங்கியதும் பூனைகள் வீட்டு வாசல்வரை கூடவே வந்ததாக அடுத்த வாரம் சொன்னார். என் மாமியார் என்னை மோந்து பார்த்துவிட்டு, ஆபீசில் விருந்தா என்று கேட்டார். எந்த வாசமும் தெரியாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர் கன்னியம்மா மட்டும்தான். அவர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். "இன்னா வாசம்? அல்லாரும் எதுக்கு ஓடறீங்கோ?" என்று அவர் கேட்டது எங்களுக்கு நெடுநாள் சிரிப்பாக இருந்தது. எலுமிச்சம்பழமும் வேப்பிலைப் புகையும் போட்டுப் போட்டு அந்த வாசத்தைத் துரத்த ஒரு மாதம் பிடித்தது.

டீக்கடையில் இது பெரிய கேலி. நாற்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் இதைவிட நன்றாக வேர்க்குமே என்று ஒருவர் கேட்டார். அண்ணி கையில் டீ கிளாஸுடன் திரும்பினார். "தோ பாரு நைனா, மூட்டை தூக்கி வர்ற வேர்வை வேற. அடுப்பாண்ட நின்னு வர்ற வேர்வை வேற. இது குந்திகினு வர்ற வேர்வை. உனக்குப் புரியும், நீ காலையிலேர்ந்து குந்திகினுதானே கீறே."

"அப்போ ஆம்பளைங்களுக்கும் ஒருநாள் வுடு அண்ணி."

"ஆம்பளைங்களுக்குத்தான் இது கீதே" என்று டீக்கடை பெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமையை அவர் தேர்ந்தெடுத்ததில் ஒரு தந்திரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் அது. அன்றைக்குக் குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாலும் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். அந்தக் கூடுதல் நேரத்தை அண்ணி யார்டுவரை நீட்டிவிட்டார். மதியச் சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, பழைய நைட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பெண்கள் வருவார்கள். அந்த நேரத்தில் வெல்டர்களை அண்ணன் முன்பக்கத்து வேலைக்கு அனுப்பிவிடுவார்.

வருவதற்கு வீட்டில் ஒரு காரணம் சொல்லவேண்டும். காரணங்களை அண்ணியே தைத்துக் கொடுத்தார், ஜரீனா பிளவுஸ் தைப்பதுபோல ஆளுக்கு ஏற்ற அளவில். ஜரீனாவின் கணவருக்கு இருமல் என்றால் பயம். ஆகவே ஜரீனாவின் நெஞ்சில் மணலி ஆலைகளின் காற்று தங்கியிருக்கிறது, அதை வேர்வையில்தான் இறக்கவேண்டும். என் கணவருக்கு கம்ப்யூட்டர் என்றால் சந்தேகம். ஆகவே எனக்குக் கம்ப்யூட்டர் கழுத்து. கன்னியம்மாவுக்கு உண்மையிலேயே சர்க்கரை இருந்தது, புதிதாக ஒன்றும் கற்பிக்கத் தேவைப்படவில்லை. அவர் கணவர் ஏழுமலை காசிமேட்டில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர். அவரிடம், "இன்ஜினுக்கு சைலன்சர் வழியா பொகை போவுதுல்ல, அப்டி வேர்வை வழியா சக்கரை போவும்" என்றார். மெக்கானிக்குக்கு அது நன்றாகவே புரிந்தது.

ஒருமுறை நானே அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். யாரோ ஒரு கணவர் வாசலில் நின்று, இதில் அப்படி என்னதான் வெளியே வருகிறது என்று கேட்டிருக்கிறார். அண்ணி உள்ளே வந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தார். கன்டெய்னர் கதவின் ரப்பர் பட்டையில் நாலு இழுப்பு இழுத்தார். துண்டு கறுத்துவிட்டது. அதைக் கொண்டுபோய் அந்த மனிதரின் மூக்குக்கு நேரே பிடித்து, "இத்த பாரு. உன் பொண்டாட்டி உடம்புல கீற எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பல்" என்றார். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"அண்ணி, இது பச்சைப் பொய்" என்றேன்.

"எண்ணூர்ல சாம்பல் இல்லியா?"

"இருக்கு."

"நாம மூச்சு வுடறது இல்லியா?"

"விடறோம்."

"அப்பால இன்னா பொய்யி? துண்டு மட்டும்தான் கொஞ்சம் அவசரப்பட்டுது."

நான் அந்தப் பெட்டியை நம்பியவள் இல்லை. என் கழுத்துவலி அப்படியே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதன் சுகத்தை மறைத்துப் பேசினால் எனக்கு நாக்கு அழுகும். முதல் சில நிமிடம் இதென்ன கிறுக்குத்தனம் என்று இருக்கும். காதுக்குப் பின்னால் முதல் சொட்டு இறங்கும். பிறகு தோள் தானாகக் கீழே இறங்கும், அது இத்தனை நாளும் தூக்கிக்கொண்டே இருந்தது அப்போதுதான் தெரியும். அண்ணி கல்லில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். உஸ் என்று ஆவி எழுந்து முதுகில் படரும்போது எல்லோரும் ஒரே மாதிரி "ஹா" என்போம். தாங்கமுடியாமல் வெளியே ஓடிவந்து டிரம்மில் இருக்கும் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வோம். அப்போது கடல் பக்கமிருந்து காற்று வரும். மே மாதத் திருவொற்றியூர் எங்களுக்கு மட்டும் கொடைக்கானலாக இருக்கும். ஒரு சொம்பு உப்புப் போட்ட மோர். அவ்வளவுதான். அதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

இன்னொன்றும் இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் போன் எடுக்காது. சூட்டுக்குப் பயந்து யாரும் உள்ளே கொண்டுவரவும் மாட்டார்கள். அம்மா என்று கூப்பிட ஆளில்லை, சட்டை எங்கே என்று கேட்க ஆளில்லை. கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, சுவரில் சாய்ந்திருப்பார். ஊரெல்லாம் கேட்கும்படி பேசும் அண்ணியும் உள்ளே குரலை அடக்கித்தான் பேசுவார். பேச்சு என்னவோ வைத்தியம்தான். கெய்வி என்ன செய்வாள், எதற்கு எது நல்லது என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டோம்.

ஒருநாள் நான் அவரிடம் நேராகக் கேட்டேன். "நிஜமாகவே நோய் போகும்னு நம்பறீங்களா?"

அண்ணி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "போனா நல்லதுதான். போவலன்னாலும் வாசல்ல சொல்றதுக்கு ஒரு வியாதி வேணும்டி. வியாதி இல்லாத பொம்பளைய எவன் வெளிய அனுப்பறான்?"

இதைக் கேட்டு நான் சிரித்தேன். அந்த வாக்கியத்துக்குள் இருந்த ஆபத்து எனக்கும் தெரியவில்லை, அண்ணிக்கும் தெரியவில்லை.

கன்னியம்மாவுக்கு சர்க்கரை இறங்கியது. ஆஸ்பத்திரி மாத்திரையை அவர் ஒழுங்காகப் போட்டதால் இறங்கியது. ஆனால் அண்ணி அந்தச் செய்தியைச் சும்மா விடுவாரா? காசிமேட்டுக்கே போன் போட்டு, "ஏழுமலை, உன் பொண்டாட்டி சக்கரைய எறக்கிட்டேன் பாத்தியா" என்று பெருமை அடித்தார். யார்டு முழுக்கக் கேட்டது. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் கேசரி.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கன்னியம்மா வந்துகொண்டுதான் இருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். தண்ணீர் நிறையக் குடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே போவதற்காக அவர் செருப்பைக் கழற்றியபோது அண்ணி அவர் காலைப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே, துணி சுற்றிய ஒரு புண்.

"இன்னா இது?"

"முள்ளு குத்திச்சு அண்ணி. வஞ்சிரம் முள்ளு."

"எப்போ?"

அண்ணி குனிந்து துணியை அவிழ்த்தார். மீன் மார்க்கெட் ஈரத்தில் நின்று நின்று புண் ஆறாமல் வெளுத்து, ஓரம் கறுத்திருந்தது.

"மாத்திரை போட்டுகினு கீறியா?"

கன்னியம்மா காலை இழுத்துக்கொண்டார்.

"உன்னைத்தான் கேக்குறேன். போட்டுகினு கீறியா?"

"நிறுத்திக்கினேன்."

"எவ சொன்னா நிறுத்தச் சொல்லி? நானா சொன்னேன்? பொட்டியும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்னுதானே சொன்னேன்? பொட்டிக்கே அல்லாம் சரியாப் பூடும்னு நெனச்சிகினியா?"

"எனக்குத் தெரியாதா அண்ணி?" என்றார் கன்னியம்மா. கோபமில்லாமல், ஏதோ மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார். "சக்கரைய மாத்திரைதான் எறக்குச்சுன்னு தெரியும். நீ போன் பண்ணப்பால வூட்டுக்காரரு சொன்னாரு, சரியாப் பூட்சில்ல, இன்னும் இன்னாத்துக்குப் பொட்டின்னு. வெள்ளிக்கெயமையும் கடை போட சொன்னாரு. சக்கரை மறுபடி ஏறினாதானே வர முடியும். அதான் நிறுத்திக்கினேன். ஏறிச்சுன்னதும் அவரே அனுப்பிச்சாரு."

அண்ணி அவிழ்த்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். பெட்டிக்குள் ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜரீனா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நாங்கள் சிரித்துச் சிரித்து வளர்த்த ஒரு பொய்க்கு ஒரு பெண் தன் காலைக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். அதுவும் எங்களோடு அந்தச் சூட்டில் கண்மூடி உட்கார்ந்திருப்பதற்காக.

அண்ணி ஜரீனாவைக் கன்னியம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார். நைட்டியும் தோளில் துண்டும் அப்படியே இருந்தன. காசிமேட்டில் ஏழுமலை ஒரு படகின் இன்ஜினுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவருடைய சிநேகிதர்கள்.

"ஏழுமலை, என் பொட்டியில ஒரு வியாதியும் போவாது" என்றார் அண்ணி.

"இன்னா அண்ணி சொல்றே? மொதல்ல சக்கரை எறங்கிச்சே."

"அத்த எறக்கினது மாத்திரை. சைலன்சரு, பொகை, நான் சொன்னதெல்லாம் டுபாக்கூர்."

ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்போ இத்தினி நாளா அவ எதுக்கு வந்துகினு இருந்தா?"

"சொம்மா."

"சொம்மான்னா?"

"சொம்மான்னா சொம்மாதான். குந்தறதுக்கு."

"குந்தறதுன்னா வூட்ல குந்த வேண்டிதுதானே? நானா வேணாம்னேன்?"

"உன் வூட்ல அவ சொம்மா குந்தி நீ எப்பனா பாத்துகீறியா? யோசிச்சு சொல்லு. நான் நிக்கறேன்."

ஏழுமலை கெட்ட மனிதரில்லை. உண்மையாகவே யோசித்தார். "மீன் விக்கும்போது குந்திகினுதானே கீறா" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். படகில் இருந்த ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணி மாத்திரையைப் பற்றியும் காலைப் பற்றியும் சொன்னார். ஏழுமலை கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே எங்களோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். அன்று மாலையே கன்னியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்கவேண்டும் என்று டாக்டர் திட்டினார். அந்தத் திட்டு முழுவதையும் அண்ணி முன்னால் நின்று வாங்கிக்கொண்டார்.

காசிமேட்டில் சொன்ன சேதி வண்ணாரப்பேட்டைவரை போக ஒரு ராத்திரி போதும். அந்தப் பெட்டியில் எந்த நோயும் போகாதாம், பெண்கள் வெறுமனே உட்காரத்தான் போகிறார்களாம். கறுப்புத் துண்டைக் கும்பிடாத குறையாகப் பார்த்தவர் யார்டு வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மூன்று வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை. ஜரீனாவும் வரவில்லை. அண்ணன் மட்டும் ஒன்றும் கேட்காமல் மதியமானால் ஹீட்டரைப் போட்டுவிடுவார். அண்ணி பெட்டிக்கு வெளியே ஒரு பலகையில் உட்கார்வதும் எழுந்து கேட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"வாயை மூடிகினு இருந்திருந்தா அல்லாரும் வந்துகினு இருப்பாளுங்க" என்று என்னிடம் சொன்னார்.

"கன்னியம்மா கால்?"

"அதான்" என்றார். அவர் யாருடைய இமையையும் இழுத்துப் பார்த்து நாளாகியிருந்தது.

நாலாவது வெள்ளிக்கிழமை கேட்டில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஏழுமலை ஓட்டிவந்தார், பின்னால் கன்னியம்மா. காலில் சுத்தமான கட்டு. அவரை இறக்கிவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டிவிட்டு ஏழுமலை போய்விட்டார். கன்னியம்மா நொண்டிக்கொண்டே பெட்டிவரை வந்தார்.

"புண்ணு ஆறாம உள்ள வுடமாட்டேன். டாக்டரு கொன்னுடுவாரு" என்றார் அண்ணி.

"நான் உள்ள வரல. வெளியவே குந்திக்கிறேன்."

"மாத்திரை?"

"போட்டுகினேன்."

"வூட்ல இன்னான்னு சொல்லிகினு வந்தே?"

"சொம்மான்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"எத்தினி மணிக்கு வந்து இட்டுகினு போவட்டும்னாரு. தெரியலன்னேன்."

கன்னியம்மா பலகையில் உட்கார்ந்து, சூடான பெட்டியின் சுவரில் சாய்ந்துகொண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாலையில் டேங்கர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான் பொறுத்தார். கன்னியம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "தோ பாரு, காலைக் கொஞ்சம் மேல தூக்கி வெய்யி. அங்க அந்தக் கெய்வி புண்ணுக்கு ஒரு எலைய அரைச்சு..."

"அண்ணி" என்றார் கன்னியம்மா, கண்ணைத் திறக்காமல். "சொம்மா குந்து."

சற்று நகர்ந்து இடம் விட்டார். அண்ணி உட்கார்ந்தார்.